பட்டியலில் விடுபட்ட யெல்லோ

போன வாரம் அக்கா மகன் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பினான். எலெக்ட்ரானிக் இசையின் முன்னோடிகள் யார் யார் என்று கல்லூரி நண்பர்களுக்காகத் தயாரித்ததாம். ஜெர்மன் குழுவான கிராஃப்ட்வெர்க் இருந்தது, டேஞ்சரின் ட்ரீம் இருந்தது, ஜான் மிஷேல் ஜார் இருந்தார், டெப்பேஷ் மோட் கூட இருந்தது. சுவிட்சர்லாந்தின் யெல்லோ குழு இல்லை. ஏன் என்று கேட்டேன். "மாமா, அந்த 'ஓ யே' குழுதானே? அது வேடிக்கைப் பாட்டு" என்று பதில் வந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்று எழுதினால் அது மிகை. ஆனால் இரண்டாவது தோசைக்குச் சட்னி போட்டுக்கொள்ள மறந்துபோனேன்.

அவனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதத் தொடங்கியது கட்டை விரல் வலிக்கும் அளவுக்கு நீண்டுவிட்டதால் இங்கே போடுகிறேன்.

முதலில் அவர்கள் மூன்று பேர். சூரிச் நகரத்தில் போரிஸ் பிளாங்க் என்ற ஆள். 1952-இல் பிறந்தவர், லாரி ஓட்டியவர். இசைப் பள்ளியின் வாசலை மிதித்ததில்லை, இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. அவரும் கார்லோஸ் பெரோனும் டேப்பில் ஓசைகளைப் பதிவதும் வெட்டுவதும் ஒட்டுவதுமாகக் காலம் போக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாடகர் இருந்தால் தேவலை என்று தோன்றியபோது வந்து சேர்ந்தவர் டீட்டர் மையர். 1979-இல் யெல்லோ பிறந்தது. 'கத்திச் சொன்ன ஹலோ' என்பதுதான் பெயரின் பொருள் என்று மையர் சொல்லியிருக்கிறார். 1983-இல் பெரோன் விலகிப் போனார். அதன் பிறகு இருவர் மட்டும்தான், நாற்பது ஆண்டுகளாக.

இந்த மையரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வங்கிக்காரர் மகன். சட்டம் படிக்கப் போனவர் போக்கர் மேசையில் பல ஆண்டுகளைக் கழித்தார். சுவிட்சர்லாந்தின் கோல்ஃப் அணியிலும் ஆடியிருக்கிறார். 1969-இல் சூரிச் கலைக்கூடத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் உட்கார்ந்து, ஒரு லட்சம் உலோகத் துண்டுகளை எண்ணி, ஆயிரம் ஆயிரமாகப் பைகளில் கட்டினார். ஐந்து நாள் வேலை. எதற்கு? எதற்கும் இல்லை. 1971-இல் நியூயார்க் தெருவில் நின்றுகொண்டு, போவோர் வருவோரிடம் 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற ஒரே ஒரு சொல்லை ஒரு டாலர் கொடுத்து விலைக்கு வாங்கினார்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1972-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் டாக்குமெண்டா கலைக் கண்காட்சி நடந்தபோது, அங்குள்ள ரயில் நிலையத்தின் தரையில் ஓர் உலோகத் தகடு பதித்தார். 1994 மார்ச் 23 அன்று பிற்பகல் 3 மணி முதல் 4 மணி வரை டீட்டர் மையர் இந்தத் தகட்டின் மேல் நிற்பார் என்று அதில் எழுதியிருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துச் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் போய் நின்றார். இடைப்பட்ட காலத்தில் உலகம் அறிந்த பாடகர் ஆகியிருந்தார் என்பது வேறு விஷயம்.

இதை வெறும் பணக்காரப் பிள்ளையின் குறும்பு என்று தள்ளிவிட முடியாது. 1916-இல் இதே சூரிச்சில்தான் கபரே வோல்டேர் என்ற சின்ன இடத்தில் டாடா (Dada) என்ற கலை இயக்கம் தொடங்கியது. ஹூகோ பால் பொருளே இல்லாத சொற்களை அடுக்கிக் கவிதை என்று மேடையில் வாசித்தார். உலகப் போரில் கண்ணியமான சொற்களெல்லாம் பிணக்குவியலுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, பொருளற்ற சொல்லே மேல் என்று அந்தக் கூட்டத்துக்குத் தோன்றியது. மையர் அந்த வீட்டுப் பேரன். ஒரு பாட்டு நெடுக 'ஓ யே' என்றே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அவர் ஏன் கூச்சப்படவில்லை என்பது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முதல் ஆல்பமான 'சாலிட் பிளஷர்' 1980-இல் வந்தது. அதே ஆண்டு மே 30 அன்று சூரிச்சில் கலவரம் மூண்டது. ஓபரா மாளிகைக்குச் சுமார் 6 கோடி பிராங்க் ஒதுக்க நகர நிர்வாகம் முனைந்தபோது, எங்களுக்கென்று கூடிப் பாட ஓர் இடம் கூட இல்லையே என்று இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். கண்ணீர்ப்புகையும் கல்வீச்சுமாகப் பல மாதங்கள் ஊர் கொதித்தது. யெல்லோ அதைப் பற்றி எதுவும் பாடவில்லை. ஆனால் அந்த ஊரில் புதிய ஓசைக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதற்கு இதுவே போதும். பிளாங்கும் பெரோனும் டேப்பைத் தூக்கிக்கொண்டு சான்ஃபிரான்சிஸ்கோ வரை போனார்கள். முகம் காட்டாமல் கண்விழி முகமூடி மாட்டிக்கொண்டு வரும் ரெசிடென்ட்ஸ் குழுவின் ரால்ஃப் ரெக்கார்ட்ஸ்தான் அவர்களை முதலில் மதித்து இசைத்தட்டு போட்டது.

அந்த முதல் ஆல்பத்தில் 'போஸ்டிச்' என்ற பாட்டு இருக்கிறது. நாம் நகல் எடுப்பதையே ஜெராக்ஸ் என்று சொல்வதைப் போல, சுவிட்சர்லாந்தில் ஸ்டேப்லருக்கே ஒரு கம்பெனியின் பெயர்தான் வழக்குச் சொல். அதுதான் இந்தப் பெயர். பாட்டைக் கேட்டால் பொருத்தம் விளங்கும். மூச்சு விடாத ஒரு தாளம், அதன் மேல் நாள் முழுக்க இயந்திரத்தின் முன் நிற்கும் ஒரு தொழிலாளியின் வாயிலிருந்து ஆணி அடிப்பதைப் போலத் தெறிக்கும் சொற்கள். மையர் பாடுவதில்லை, சுடுகிறார். ராப் என்ற சொல்லை ஐரோப்பா சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளாத காலம் அது. நியூயார்க்கின் கறுப்பின நடன அரங்குகளில் இந்தத் தட்டு சுழன்றது. 1983 டிசம்பரில் அந்த ஊரின் ராக்ஸி அரங்கில் யெல்லோவே மேடை ஏறியது. என் அக்கா மகன் உயிரைக் கொடுத்துக் கேட்கும் டெக்னோ என்ற இயந்திரத் தாள நடன இசைக்கு முந்திய தலைமுறையில் இந்தப் பாட்டுக்கு ஓர் இடம் உண்டு. 1995-இல் யெல்லோ பாடல்களை மோபி, தி ஆர்ப், வெஸ்ட்பாம் போன்ற எலெக்ட்ரானிக் இசைக்காரர்கள் மறுவடிவம் செய்து ஒரு தொகுப்பாகவே வெளியிட்டார்கள். வேடிக்கைப் பாட்டுக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா?

இனி ஓசைக்கு வருகிறேன். எனக்கு இதுதான் தலையாய விஷயம்.

1979-இல் ஃபேர்லைட் என்று ஓர் ஆஸ்திரேலியக் கருவி வந்தது. மைக் வழியாக எந்த ஓசையையும் உள்ளே வாங்கி, எண்களாக மாற்றி, கீபோர்டின் கட்டைகளில் ஏற்றிவிடும். குடம் உருளும் சத்தத்தைப் பதிந்தால் அதையே மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி என்று எல்லாச் சுரத்திலும் வாசிக்கலாம். பச்சைத் திரை, அதில் தொட்டு வரைய ஒரு ஒளிப்பேனா. ஒரே நேரத்தில் எட்டுக் குரல்கள்தான், குரலுக்கு 16 கிலோபைட் நினைவகம்தான். இன்று குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கப் படம் ஒவ்வொன்றும் அதைவிடப் பல மடங்கு பெரியது. விலையோ ஒரு நல்ல காரை மிஞ்சியது. அதை வாங்கிய பல பெரிய நட்சத்திரங்கள் அதனுடன் வந்த ஆயத்த ஓசைகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அந்தக் காலப் பாடல்களில் ஒரே மாதிரியான வாத்திய இடி அடிக்கடி கேட்பதற்குக் காரணம் அதுதான்.

பிளாங்க் அப்படிப்பட்டவர் இல்லை. தன் ஓசையைத் தானே பிடித்து வந்தார். ஃபேர்லைட் வருவதற்கு முன்பே டேப் துண்டுகளை வளையமாக ஒட்டி ஓடவிட்டுப் பழகியவர் அல்லவா? இசை தெரியாத காதுக்கு ஒரு வசதி உண்டு: எது வாத்தியம், எது இரைச்சல் என்ற சாதி வேற்றுமை அதற்குத் தெரியாது. யெல்லோ பாட்டு ஒன்றை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். இடது காதின் ஓரத்தில் ஏதோ சொட்டும். பின்னால் எங்கோ ஒரு கதவு மூடும். லத்தீன் அமெரிக்கக் கொங்கா மத்தளம் போல ஒன்று வரும், ஆனால் எந்தக் கையும் அப்படி அடிக்காது. ஒவ்வொரு ஓசைக்கும் நிற்க ஓர் இடம், போக ஒரு வழி இருக்கும். ஒன்றன் மேல் ஒன்றாக எத்தனை அடுக்கினாலும் எதுவும் எதையும் மிதிக்காது. கிராஃப்ட்வெர்க்கின் இசை வெள்ளையடித்த ஆய்வகம் என்றால் பிளாங்கின் இசை இரவில் வெளிச்சம் போட்ட சந்தை. எனக்குச் சந்தைதான் பிடிக்கும்.

இதற்குள் மையர் நுழையும் விதம் தனி. பிளாங்க் மாதக்கணக்கில் தனியாக உட்கார்ந்து ஒரு பாட்டின் உலகத்தைக் கட்டி முடிப்பார். மையர் எங்கோ ஊர் சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து, அந்த உலகத்தில் வாழக்கூடிய ஒரு பாத்திரமாகக் குரல் கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் துப்பறிவாளன், ஒருநாள் தோற்றுப்போன சூதாடி, ஒருநாள் பாதி தூக்கத்தில் இருக்கும் ஹோட்டல் பாடகன். ஒருவர் ஸ்டுடியோவை விட்டு வரமாட்டார், இன்னொருவர் வீட்டில் தங்கமாட்டார். மனைவிமார் சொல்லும் குறைதான், ஆனால் இந்தக் கூட்டணி இத்தனை காலம் நீடித்ததற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். பாடல்களுக்கான வீடியோக்களைப் பெரும்பாலும் மையரே இயக்கினார். 'பின்பால் சாச்சா' வீடியோவை 1985-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் கண்காட்சியில் சேர்த்துக்கொண்டது.

சரி, 'ஓ யே'. அந்தப் பாட்டு 1985-இல் வந்த 'ஸ்டெல்லா' ஆல்பத்தில் இருக்கிறது. அதே ஆல்பம்தான் சுவிட்சர்லாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் உள்ளூர்க் குழுவின் ஆல்பம். மையர் முதலில் அதற்கு நிறைய வரிகள் எழுதிக்கொண்டு வந்தாராம். இவ்வளவு சிக்கல் எதற்கு என்று பிளாங்க் அவற்றைத் தள்ளிவிட்டார். சொகுசாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு குண்டு பூதம் பிளாங்கின் மனதில் இருந்தது; அது சொல்வதைப் போல மையர் அந்த இரண்டு சொற்களையே திரும்பத் திரும்பச் சொன்னார். குரலைப் பாதாளத்துக்கு இறக்கியது இயந்திரம். 1986-இல் 'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' என்ற ஹாலிவுட் படத்தில் ஒரு சிவப்பு ஃபெராரி கார் காட்டப்படும் இடத்தில் இந்தப் பாட்டு ஒலித்தது. முடிந்தது கதை. அதன் பிறகு படமாகட்டும் விளம்பரமாகட்டும், கார் வந்தாலும் பணம் வந்தாலும் 'ஓ யே'தான். குழுவுக்குச் சோறு போட்டதும் அந்தப் பாட்டுதான், பெயரைக் கெடுத்ததும் அந்தப் பாட்டுதான். எனக்கு அதன் மேல் கோபம் இல்லை. அந்த வாசலோடு திரும்பிப் போகிறவர்கள் மேல்தான் கோபம்.

உள்ளே வந்தால் என்னென்ன இருக்கிறது! 1987-இல் 'ஒன் செகண்ட்' ஆல்பத்தில் ஷெர்லி பாஸி பாடிய 'தி ரிதம் டிவைன்' இருக்கிறது. ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்குப் பாடிய அந்தப் பெருங்குரலைப் பிளாங்கின் இயந்திரங்கள் வெல்வெட் துணியில் வைத்து ஏந்துகின்றன. அந்தப் பாட்டை உருவாக்கியதில் ஸ்காட்லாந்துப் பாடகர் பில்லி மெக்கன்சிக்கும் பங்கு உண்டு. அடுத்த ஆண்டு 'ஃப்ளாக்' ஆல்பத்தில் 'தி ரேஸ்'. பந்தயக் கார் ஒரு காதிலிருந்து மறு காதுக்குச் சீறிக்கொண்டு போகும், பித்தளை வாத்தியங்கள் அதைத் துரத்தும். பிரிட்டனில் ஏழாம் இடம் வரை ஏறியது. ஆனால் என்னை ஒரே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 1983-இல் வந்த 'லாஸ்ட் அகெய்ன்' என்றுதான் சொல்வேன். அதில் வேடிக்கையே இல்லை. நள்ளிரவில் வழி தவறியவனின் நடை மட்டும் இருக்கிறது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. தொண்ணூறுகளில் அவர்கள் தங்கள் பிள்ளைகளின் பின்னால் ஓடினார்கள். 'ஸீப்ரா' போன்ற ஆல்பங்களில் டெக்னோக்காரர்களைப் போல ஒலிக்க முயன்றது தெரிகிறது. தாத்தா பேரனின் சட்டையைப் போட்டுக்கொண்டால் சட்டை பொருந்தலாம், தாத்தா பொருந்தமாட்டார். பெண்களைப் பற்றிய வரிகள் பழைய துப்பறியும் நாவல் அட்டையைத் தாண்டி வருவதில்லை. ஆப்பிரிக்கா, கியூபா, காடு, மழை என்று அவர்கள் வரையும் சித்திரங்கள் சூரிச்சில் உட்கார்ந்து பார்த்த அஞ்சல் அட்டைகள். இளமையில் எனக்கு இது உறுத்தவில்லை, இப்போது உறுத்துகிறது. பெரோன் போன பிறகு முதல் மூன்று ஆல்பங்களில் இருந்த அழுக்கும் இருட்டும் குறைந்துவிட்டன என்று சொல்பவர்கள் உண்டு. நானும் ஒத்துக்கொள்கிறேன், பாதி மனதோடு.

மேடை விஷயம் ஒன்று பாக்கி. இவ்வளவு நுணுக்கமான அடுக்குகளை மேடையில் எப்படிக் கொண்டுவருவது என்ற தயக்கத்தில் பிளாங்க் பல பத்தாண்டுகள் ஸ்டுடியோவிலேயே ஒளிந்துகொண்டார். கடைசியில் 2016 அக்டோபரில் பெர்லினில் நான்கு நாள் முழு நீள நிகழ்ச்சிகள் நடந்தன. பிளாங்குக்கு 64 வயது, மையருக்கு 71. பித்தளை வாத்தியக்காரர்கள், தாளக்காரர், துணைப் பாடகிகள் எல்லோரும் சூழ, கழுத்தில் ஸ்கார்ஃபும் ஒட்ட வாரிய முடியுமாக மையர் ஒரு பழைய சூதாட்ட விடுதி முதலாளி போல நின்றார். அரங்கம் ஒரு பழைய அனல் மின் நிலையம். அதன் பெயர் என்ன தெரியுமா? கிராஃப்ட்வெர்க். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு மின் நிலையம் என்றுதான் பொருள், எனவே அரங்கின் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் இத்தனை ஆண்டுகள் யாருடைய நிழலில் நிற்பதாகச் சொன்னார்களோ, அந்தப் பெயர் கொண்ட கட்டடத்தில்தான் முதன்முறையாக முழு மேடை கிடைத்தது என்று நினைத்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அக்கா மகனுக்கு இவ்வளவும் அனுப்பவில்லை. 'லாஸ்ட் அகெய்ன்' பாட்டை மட்டும் அனுப்பி, ஹெட்போனில் கேள், போன் ஸ்பீக்கரில் கேட்காதே என்று எழுதினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்து மூன்று நாள் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை.