பிரெட்டுல ஹிஸ்டமின் பயமா? அந்த ஃபார்வர்ட் தப்பு

"ஹிஸ்டமின் ஒத்துக்காதவங்க பிரெட்டை தொடவே கூடாது, ஈஸ்ட் முழுக்க ஹிஸ்டமின், டோஸ்ட் பண்ணா மட்டும் போயிடும்"னு ஒரு மெசேஜ் சுத்துது. ரெண்டுமே தப்புங்க. (ஹிஸ்டமின்னா சில சாப்பாட்டுல இருக்கிற, சிலருக்கு அலர்ஜி மாதிரி தொந்தரவு தர்ற ஒரு ரசாயனம்.)

ஹிஸ்டமினை பெரும்பாலும் உண்டாக்குறது பாக்டீரியா, ஹிஸ்டிடின்ங்கிற அமினோ அமிலத்த மாத்தி. அதனாலதான் நாள்பட்ட சீஸ், ஒயின், சரியா ஐஸ்ல வைக்காத சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்ல அது ஏறுது. சாதாரண பிரெட் ஈஸ்ட்ல சில மணி நேரம் பொங்குற மாவு அந்த வரிசையில வராது. ரொம்ப நேரம் புளிக்க வச்ச மாவுல செய்யுற சார்டோ (sourdough) பிரெட் வேற கதை, அதுல பாக்டீரியாவும் இருக்கு, சிலருக்கு ஒத்துக்காம போகலாம். அப்புறம் ஹிஸ்டமின் சூட்டுக்கு அழியாது, டோஸ்ட் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல (இதை யார் கிளப்பி விட்டாங்களோ).

ஜெர்மனி அலர்ஜி டாக்டர்கள் சங்கத்தோட 2021 வழிகாட்டுதல் நெட்லயே இருக்கு, பாருங்க. எல்லாருக்கும் ஒரே தடைப் பட்டியல் வேணாம், 10-14 நாள் குறைச்சு சாப்பிட்டுட்டு ஒவ்வொண்ணா திரும்ப சேர்த்துப் பாக்கணும்னுதான் சொல்லுது. பிரெட் சாப்பிட்டா வயிறு உப்புதுன்னா கோதுமை அலர்ஜியாவோ சீலியாக்காவோ (கோதுமையில இருக்கிற குளூட்டன் புரதம் குடலுக்கு ஒத்துக்காத நோய்) கூட இருக்கலாம், டாக்டர்கிட்ட கேளுங்க, டெஸ்ட் எடுக்குறதுக்கு முன்னாடி நீங்களா கோதுமைய நிறுத்திடாதீங்க, சீலியாக் ரிசல்ட் தப்பா வரும்.

அந்த மெசேஜ் வந்தா ஃபார்வர்ட் பண்ணாதீங்க ப்ளீஸ்.