தாருக்கு ஒரு ரூபாய்: வாழையும் இந்தியன் 2-வும்

"சமூகக் கருத்துள்ள படம் என்றால் அழ வைக்கும், இல்லாவிட்டால் பாடம் நடத்தும். காசு கொடுத்து அதை எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். அவர் உதாரணம் காட்டியது வாழையையும் இந்தியன் 2-வையும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து அவர் பேசியதை என்னால் ஏற்க முடியவில்லை, அதனால்தான் இந்த நீளப் பதிவு. கதையின் முடிவு வரை பேசப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

2024 ஜூலை 12-ல் இந்தியன் 2. சரியாக ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 23-ல் வாழை. இரண்டையும் மதுரையில் தியேட்டரில்தான் பார்த்தேன்.

முதலில் வாழை. மாரி செல்வராஜ் தன் சின்ன வயதில் புளியங்குளத்தில் பார்த்ததை, பட்டதை வைத்து எடுத்த படம். பள்ளிக்கூடம் போகும் சிவனணைந்தானுக்கு லீவு நாள் என்றால் வாழைத்தார் சுமக்கும் நாள். நான் சோழவந்தான் பக்கத்துக்காரன். தார் வெட்டி லோடு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன். தோட்டம் ஓரிடத்தில் இருக்கும், லாரி ரோட்டில் நிற்கும். நடுவில் வரப்பு, வாய்க்கால், சேறு. சும்மாட்டின் மேல் தாரை ஏற்றிவிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாது, காலடியைக் குனிந்து பார்க்கவும் முடியாது. பாதத்தால் தடவித்தான் நடக்க வேண்டும். சட்டையில் படும் வாழைக்கறை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. மதுரை சிம்மக்கல் மண்டியில் பச்சைப் பசேலென்று அடுக்கிக் கிடக்கும் தார்களைப் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்தது. தேனி ஈஸ்வரின் கேமரா அந்தப் பையனுடைய கழுத்தின் உயரத்தில் கூடவே நடந்தது. அந்தக் காட்சியில் எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "வழுக்கும்டா, பாத்துப் போ" என்று சத்தமாகவே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், கூடத் தார் சுமக்கும் இளைஞன் கனி, கூலியில் தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கும் இடத்தில். ஒரே ஒரு ரூபாய். கனியாக நடித்த கலையரசன் அதைக் கெஞ்சாமல், முழங்காமல், நியாயமான கணக்கைக் கேட்கிறவராகக் கேட்கிறார். வியாபாரி ஒத்துக்கொள்கிறார். அப்புறம் அந்தச் செலவை ஈடுகட்ட, வேலையாட்களுக்குத் தனி வண்டி கிடையாது, லோடு ஏற்றிய லாரி மேலேயே உட்கார்ந்து போங்கள் என்றாகிறது. அந்த லாரிதான் கவிழ்கிறது. வில்லன் அரிவாளோடு வருவதில்லை. கூலியும் லாரி வாடகையுமாக ஒரு கணக்கு, அந்தக் கணக்கில் உயிர்கள் போகின்றன. முதலாளித்துவம், சுரண்டல் என்று மணிக்கணக்கில் மேடையில் பேசுவதை ஒரு ரூபாயில் காட்டியிருக்கிறார்கள்.

குறையே இல்லையா? இருக்கிறது. சிவனணைந்தானுக்குப் பிடித்த பூங்கொடி டீச்சர் வரும் பகுதி எனக்கும் பிடித்தது, ஆனால் கொஞ்சம் நீளம். முடிவில் துக்கத்தைப் பாட்டும் இசையும் சேர்ந்து அழுத்துகின்றன. பசித்து வந்த பிள்ளை சாவு வீட்டில் அவசரமாகச் சோற்றை அள்ளித் தின்னும் அந்தக் காட்சிக்கு வேறு எந்தத் துணையும் தேவையில்லை.

இந்தியன் 2-வை நான் கேலி செய்ய விரும்பவில்லை. அந்த முதல் பாகம் அப்படிப்பட்டது. 1996-ல் வந்த இந்தியனை மசாலாப் படம் என்று ஒதுக்குகிறவர்கள் அதை மறுபடி பார்க்க வேண்டும். தீக்காயத்தோடு மகள் கிடக்கிறாள், டாக்டர் லஞ்சம் கேட்கிறார், அப்பா சேனாபதி (கமல், பழைய சுதந்திரப் போராட்ட வீரர்) கொடுக்க மறுக்கிறார், மகள் சாகிறாள். மகன் சந்துரு காசு வாங்கிக்கொண்டு, பிரேக் சரியில்லாத பள்ளி பஸ்ஸுக்குச் சான்றிதழ் கொடுக்கிறான், பிள்ளைகள் சாகிறார்கள். ஒரு பஸ், ஒரு பிரேக், ஒரு கையெழுத்து. லஞ்சம் என்றால் என்ன என்று அன்று பாமர மக்களுக்கும் புரிந்தது அதனால்தான். வாழையின் லாரியும் அந்த பஸ்ஸும் ஒரே சாலையில் ஓடுகின்றன என்பேன். யாரோ மிச்சம் பிடித்த காசுக்கு யாருடைய பிள்ளையோ சாகிறது. அந்த இந்தியன்தான் ஊர் ஊராக ஓடியது, கமலுக்குத் தேசிய விருதும் வாங்கித் தந்தது. சமூகப் படம் வேறு, வசூல் படம் வேறு என்று பிரிப்பதை நான் ஏற்காததற்கு அதுவே காரணம்.

இருபத்தெட்டு வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகத்தில் அந்த பஸ் இல்லை. மூன்று மணி நேரப் படத்தில் ஊழல்கள் வரிசையாக வருகின்றன, போகின்றன. தங்கமாய்ப் பளபளக்கும் மாளிகையும், சேனாபதி விரலாலேயே ஆளைச் சாய்க்கும் வர்மக்கலையும் நினைவில் நிற்கின்றன, பாதிக்கப்பட்டவர் முகம் ஒன்றுகூட நிற்கவில்லை. படம் வெளியான பிறகு பன்னிரண்டு நிமிடத்தைக் குறைத்தார்கள். நீளம்தான் பிரச்சினை என்று நினைத்திருக்கிறார்கள். இல்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் எதில் என்றால், அந்தப் படத்துக்குள் ஒரு நல்ல கதை இருந்தது. முதல் பாகத்தில் அப்பன் மகனைத் தண்டித்தான். இதில் சேனாபதி பேச்சைக் கேட்டு, பிள்ளைகள் தங்கள் வீட்டில் லஞ்சம் வாங்குகிறவர்களைப் பிடித்துக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளையாக வரும் சித்தார்த்தின் அப்பா மாட்டுகிறார், அம்மா உயிரை விடுகிறார், நேற்று வரை வா வா என்று அழைத்த ஊர் சேனாபதியைத் திட்டுகிறது. லஞ்சக் காசில் படித்த பிள்ளை எந்த முகத்தோடு அப்பாவைக் காட்டிக்கொடுப்பான்? அந்த வீட்டில் மறுநாள் யார் உலை வைப்பார்கள்? எத்தனை வீடுகளில் இருக்கும் கேள்வி இது! அதை நின்று பேசியிருந்தால் முதல் பாகத்தையே தாண்டியிருக்கும். படமோ அந்த வீட்டை விட்டுவிட்டுத் துரத்தல் காட்சிக்கு ஓடிவிட்டது.

நடுவில் விவேக் வந்தபோது மட்டும் தியேட்டரில் கைதட்டல். நம்ம மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். 2021-லேயே போய்விட்ட மனிதரைத் திரையில் பார்த்ததும் தொண்டை அடைத்தது. மலையாள நடிகர் நெடுமுடி வேணுவும் அப்படித்தான்.

வாழையில் வரும் இரண்டு பையன்களில் சிவனணைந்தான் ரஜினி ரசிகன், சேகர் கமல் ரசிகன். படம் பார்த்து வீடு திரும்பும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டே வந்தேன். தார் சுமந்துவிட்டு, வலிக்கிற கழுத்தோடு கமலுக்காகச் சண்டை போடும் அந்த சேகருக்காகத்தான் சேனாபதி வர்மக்கலையை எடுத்திருக்க வேண்டும். அவன் கூலியில் கை வைத்தவன் இந்தியன் 2-வில் எந்தக் காட்சியிலும் இல்லை.

இந்தியன் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தை இந்தியன் 2-வின் கடைசியில் காட்டினார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கதை போலத் தெரிகிறது. வந்தால் முதல் வாரமே போய்ப் பார்ப்பேன். இயக்குநர் ஷங்கருக்கும் கமலுக்கும் என்னைப் போன்ற ரசிகன் கேட்பது ஒன்றுதான். இந்தியா முழுவதையும் காட்ட வேண்டாம், ஒரு ஊரைக் காட்டுங்கள். அந்த ஊரில் ஒருவனிடமிருந்து எதைப் பிடுங்கினார்கள், எவ்வளவு பிடுங்கினார்கள் என்று சொல்லுங்கள்.