பழமைவாதிக்குக் கற்பனை வராதா?

"பழமைவாதிகளுக்குப் படைப்பாற்றல் கிடையாது, 28 நாடுகளில் நிரூபணம்" என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. 28 நாடுகளில் ஆய்வு நடந்தது உண்மை. மற்றது மிகை.

ஆய்வு சொன்னது, பழமைவாத மனப்பான்மைக்கும் படைப்பாற்றல் மதிப்பெண்ணுக்கும் லேசான எதிர்த்தொடர்பு இருக்கிறது என்பதைத்தான். தொடர்பு எண் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.2 என்றே வைத்துக்கொண்டாலும், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் அது விளக்குவது வெறும் 4 சதவீதம். இதை வைத்து ஒருவரை எடைபோட முடியாது.

அந்த மதிப்பெண்ணைத் தந்த வரைதல் சோதனையையும் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்துக்குள் அரைவட்டம், நெளிகோடு, புள்ளி, செங்கோணம் என்று முடிக்காத கோடுகள். கட்டத்துக்கு வெளியே திறந்த சிறு சதுரம் ஒன்று. இதை விருப்பப்படி படமாக்க வேண்டும். எல்லையைத் தாண்டி வரைந்தால் மதிப்பெண், வழக்கத்தை மீறினால் மதிப்பெண். சரி, வழக்கத்தை மதிப்பவர் இதில் சற்றுப் பின்தங்குவதில் என்ன வியப்பு? இது படைப்பாற்றலின் ஒரு முகம்தான்.

'பழமைவாதி' என்பவரும் எங்கும் ஒரே ஆள் அல்ல. சோவியத்தின் கடைசி ஆண்டுகளில் கம்யூனிசத்தைக் காக்க நின்றவர்களே பழமைவாதிகள். மேற்கில் அதை எதிர்த்தவர்கள்.

அப்புறம், அரசியல் நிலைப்பாட்டை வைத்துக் கற்பனையை அளக்க முடியாது. 1928இல் தன்னை முடியாட்சி ஆதரவாளர் என்று அறிவித்த கவிஞர் டி.எஸ். எலியட்தான் நவீன கவிதையைப் புரட்டிப்போட்டவர்; 1948இல் நோபல் பரிசும் பெற்றார். 1944இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார் ஓவியர் பிக்காசோ. பொருள்களை வடிவியல் துண்டுகளாக உடைத்து வரையும் அவருடைய கியூபிசப் பாணியோ அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பழையது.