கேஷ் வட்டுக்கு நோஏடைம் போடுங்கள்

தண்டையார்பேட்டையில் நான் கவனித்துக்கொள்ளும் கணினிப் பயிற்சி மையத்தில் எல்லாக் கணினிகளும் ஸ்க்விட் என்ற ஒரே ப்ராக்ஸி (இடைநிலை சர்வர் நிரல்) வழியாகத்தான் இணையத்துக்குப் போகின்றன. காலை வகுப்பில் மாணவர்கள் அனைவரும் ஒரே தொகுப்பை இறக்கும்போது, அது ஏற்கெனவே கேஷில், அதாவது ஸ்க்விட் வட்டில் சேமித்துவைக்கும் நகல்களில், இருந்தும், சர்வரின் வட்டு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. வட்டிலிருந்து படிப்பது மட்டுமே நடக்க வேண்டிய அந்த நேரத்தில், வட்டின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையில் வட்டில் எழுதும் கணக்கு ஓயாமல் ஓடியது.

காரணம் ஏடைம், அதாவது ஒரு கோப்பு கடைசியாக எப்போது படிக்கப்பட்டது என்ற குறிப்பு. படித்ததைக் குறித்துவைக்கவே வட்டில் எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் குறிப்பை எழுதாமல் விடச் சொல்லும் அமைப்புதான் நோஏடைம். நிமிடத்துக்கு 7200 சுற்று வேகமுள்ள வட்டு ஒரு முறை சுழல 8 மில்லி நொடிக்கு மேல் ஆகும் என்பதால், அங்கங்கே சிதறிச் சின்னச் சின்னதாக எழுதுவதுதான் அதற்குப் பெரிய சுமை.

2009இல் வந்த லினக்ஸ் 2.6.30 முதல் ஏடைமைத் தேவைப்படும்போது மட்டும் எழுதும் ரெல்ஏடைம்தானே இயல்பான அமைப்பு, பிறகு என்ன கவலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சாதாரணக் கணினிக்கு அது போதும். கேஷுக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து. கோப்பு மாற்றப்பட்ட பின் முதல் முறை படிக்கும்போதும், பழைய குறிப்புக்கு 24 மணி நேரம் கடந்திருந்தாலும் ரெல்ஏடைம் எழுதத்தான் செய்யும். கேஷிலோ நாள்தோறும் புதுக் கோப்புகள் வந்து குவிகின்றன. ஒவ்வொன்றையும் முதல் முறை படிக்கும்போது வட்டில் ஒரு முறை எழுத வேண்டியிருக்கிறது. ஸ்க்விட்டின் வழக்கமான 16 அடைவுகளும் ஒவ்வொன்றுக்குள்ளும் உள்ள 256 துணை அடைவுகளுமாக, அந்தக் கோப்புகள் 4096 இடங்களில் பரவிக் கிடக்கின்றன.

இவ்வளவு பாடுபட்டு எழுதும் அந்த நேரத்தை ஸ்க்விட் பார்ப்பதே இல்லை. எந்தப் பொருள் எப்போது பயன்பட்டது என்ற கணக்கை அது தன் நினைவகத்தில் தானே வைத்திருக்கிறது. எதைக் கழிப்பது என்பதையும் அந்தக் கணக்கைக் கொண்டே முடிவு செய்கிறது.

ஆகவே கேஷுக்குத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கி, பார்ட்டிஷன்களின் அமைப்புகளை வைத்திருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்கு மட்டும் நோஏடைம் சேருங்கள். அடைவுகளுக்கு மட்டும் இதையே செய்யும் நோடிர்ஏடைமைத் தனியாக எழுத வேண்டியதில்லை, அது இதற்குள்ளேயே அடக்கம். அந்தப் பார்ட்டிஷனை ரீமவுண்ட் செய்தால் (புது அமைப்புடன் மறுபடி இணைத்தால்) போதும், சர்வரை நிறுத்த வேண்டாம். சர்வர் முழுவதற்கும் போட்டுவிடாதீர்கள் என்று மன்றாடியே கேட்கிறேன்: புது அஞ்சல் வந்ததை ஏடைமைப் பார்த்து அறியும் பழைய அஞ்சல் நிரல்களும், பல நாள் படிக்கப்படாத தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும் கருவிகளும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

புது வட்டு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். கேஷில் புதிதாக வந்த ஒரு கோப்பின் நேரக் குறிப்புகளை ஸ்டாட் கட்டளையால் பார்த்து, கேட் கட்டளை கொடுத்து அதைப் படித்து, மறுபடி ஸ்டாட் கொடுங்கள்; எங்கள் சர்வரில் இப்போது அக்சஸ் வரியிலுள்ள நேரம் அசைவதில்லை.