கப்பல் எங்கே என்று கேட்டால் துரோகியா?

தேசிய தினம் வரும் ஆகஸ்டு பிறந்தால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் நம் மலேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங் பறக்கத் தொடங்கும். கூடவே வாட்ஸ்அப் குழுக்களில் நாட்டுப்பற்றுப் பரிசோதகர்களும் கிளம்பிவிடுவார்கள். அரசாங்கத்தைக் குறை சொல்லி ஒரு வரி எழுதினால் போதும். "இராணுவ வீரன் வாய் திறக்காமல் காவல் நிற்கிறான், உனக்கென்ன குறை?" என்று பாடம் நடத்துவார்கள்.

வீரன் வாய் திறப்பதில்லை என்பது உண்மைதான். சீருடை போட்டவன் அரசியல் பேசக் கூடாது என்பது நல்ல கட்டுப்பாடு. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அவனுக்காக வேறு யார் பேசுவது? கடற்படைக்கு 6 கரையோரப் போர்க்கப்பல்கள் கட்ட ஏறக்குறைய 900 கோடி ரிங்கிட்டில் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் 600 கோடிக்கு மேல் பணம் கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பல்கூட வந்து சேரவில்லை என்று 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டது. லூமுட் கடற்படைத் தளத்தில் பழைய கப்பலைத் துடைத்துக்கொண்டிருக்கும் மாலுமி இதை மேடையேறிக் கேட்க முடியாது. கேட்டால் வேலை போகும். கேட்க வேண்டியவர்கள் வரி கட்டும் நாம்தான். அப்படிக் கேட்டவர்களையும் "படையின் மானத்தை வாங்குகிறார்கள்" என்று ஏசியவர்கள் இருந்தார்கள். பணத்தைக் கரைத்தவன் மானத்தை வாங்கவில்லையாம், கணக்குக் கேட்டவன் வாங்கிவிட்டானாம்!

படையின் விசுவாசம் யாருக்கு என்பதில் நம் நாட்டில் குழப்பமே இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 41ஆவது விதிப்படி ஆயுதப்படைகளின் உச்சத் தளபதி மாமன்னர். 1970இல் பிரகடனம் செய்த தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவும் மாமன்னருக்கும் நாட்டுக்கும் விசுவாசம் என்கிறது. அடுத்த வரியிலேயே அரசியலமைப்பின் மேன்மையை வைக்கிறது. நாம் எல்லோரும் பள்ளிக்கூடத் திடலில் வெயிலில் நின்று ஒப்பித்ததுதான். எந்த ஆளுங்கட்சிக்கும் அதில் இடமில்லை.

இது ஏட்டுச் சுரைக்காயும் இல்லை. 2018 மே மாதத்திலிருந்து 2022 நவம்பருக்குள் நான்கு பிரதமர்கள் பதவியேற்றார்கள். கட்சித் தாவல், ஹோட்டல் அறைப் பேச்சுவார்த்தை, அரண்மனை வாசலில் ஊடகக் கூட்டம் என்று நாடே தள்ளாடிய நாட்கள் அவை. ஒரு கவச வண்டிகூடத் தெருவுக்கு வரவில்லை. பக்கத்தில் தாய்லாந்தில் 2006இலும் 2014இலும் நடந்ததையும், மியன்மாரில் 2021இல் நடந்ததையும் நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். ஆள்பவர் மாறிக்கொண்டே இருந்தார்கள், வீரன் முகாமிலேயே இருந்தான். அவனைக் காட்டி ஆள்பவருக்கு வக்காலத்து வாங்குவது அவனுக்குச் செய்யும் அவமரியாதை.

ஆட்சிக்கு அடங்குவதே விசுவாசம் என்று இருந்த காலத்தையும் நம் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். 1941இல், பிரிட்டிஷ் ஆட்சியில், கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் பால்மரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, துரையையும் கிராணியையும் (தோட்டத்துக் கணக்கரையும்) கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி. இவ்வளவுதான் கேட்டார்கள். தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்துப் படையை இறக்கினார்கள். தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இறக்கப்பட்ட படையில் இருந்தவர்களும் இந்தியச் சிப்பாய்கள்தாம். மேலிடத்துக்கு அது விசுவாசம். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அது சாவு.

அடுத்த ஆண்டு சிங்கப்பூர் விழுந்தது. பிரிட்டிஷ் மன்னருக்குச் சத்தியம் செய்திருந்த சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானோர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். 1943இல் நேதாஜி வந்தபின் தோட்டத்துத் தமிழர்களும் அதே வரிசையில் நின்றார்கள். (அந்தப் படைக்குத் துணை நின்ற ஜப்பானியர்தாம் நம் ஆட்களைச் சயாம் மரண ரயில்பாதைக்கு வாரிக்கொண்டு போனார்கள். அதையும் சேர்த்துச் சொல்லாமல் நேதாஜி புகழ் பாடுபவர்களோடு எனக்கு ஒட்டாது.) போர் முடிந்ததும் டில்லி செங்கோட்டையில் அந்த இராணுவத்தின் அதிகாரிகள் மூவர் மீது மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக வழக்கு நடந்தது. அன்றைய சட்டத்தின் கணக்கில் அவர்கள் துரோகிகள். நம் தாத்தாக்களின் கணக்கு வேறாக இருந்தது.

இப்போது சோஸ்மா என்னும் பாதுகாப்புச் சட்டத்துக்கு வருகிறேன். விசாரணையில்லாமல் அடைத்துவைக்க இடம் தந்த இசா சட்டத்துக்குப் பதிலாக 2012இல் வந்தது இது. நீதிமன்றத்தில் நிறுத்தாமலே 28 நாள் வரை காவல்துறை ஒருவரை அடைத்துவைக்கலாம். 2019இல் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று சொல்லி 12 பேரை இதன்கீழ்ப் பிடித்தார்கள். அவர்களில் ஆளுங்கூட்டணியின் சட்டமன்ற உறுப்பினர்களே இருவர். சில மாதங்கள் உள்ளே கிடந்தபின், 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளை மீட்டுக்கொண்டார். இதை நடத்தியது, கொடுஞ்சட்டங்களை ஒழிப்போம் என்று ஓட்டு வாங்கி வந்த கூட்டணி. ஆகவே இந்தக் கட்சி நல்லது, அந்தக் கட்சி கெட்டது என்று என்னிடம் வாதாட வர வேண்டாம்.

அந்த 28 நாள் பிரிவை நீட்டிக்கும் தீர்மானம் 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் இரண்டே வாக்குகளில் தோற்றது. ஜூலையில் மறுபடி கொண்டுவந்து, 5 ஆண்டுகளுக்கு நீட்டிப்பு வாங்கிவிட்டார்கள். அந்தக் கெடு 2027 ஜூலை இறுதியில் முடிகிறது. வீரர் தினமும் ஜூலை 31தான் என்பது வேடிக்கையான பொருத்தம். உங்கள் தொகுதி உறுப்பினர் அந்த இரண்டு வாக்கெடுப்பிலும் எந்தப் பக்கம் நின்றார், அல்லது அவைக்கே வராமல் இருந்தாரா என்று நாடாளுமன்ற ஹன்சாட்டில் (அவைப் பதிவேட்டில்) பாருங்கள். பிறகு அவருடைய சேவை மையத்துக்குப் போய், அடுத்த முறை என்ன செய்யப்போகிறார் என்று நேருக்கு நேர் கேளுங்கள்.