டிபன் பாக்ஸ் வட்டம்

பள்ளிக்கூட 'கேங்' எல்லாம் அமெரிக்கப் படங்களில்தான், நம் ஊரில் கிடையாது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஏற்க முடியவில்லை. 2004-ல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' (Mean Girls) என்ற அமெரிக்கப் பள்ளிப் படத்தில் யார் எந்த மேசையில் உட்காரலாம் என்று கேன்டீனே பிரிந்து கிடக்கும். சென்னையில் நான் படித்த பள்ளியில் மேசை இல்லை, டிபன் பாக்ஸ் வட்டம் இருந்தது. பிளஸ் ஒன்னில் பயாலஜி ஒரு பக்கம், காமர்ஸ் ஒரு பக்கம். அதற்குள்ளும் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் தனி. வடசென்னையில் உழைக்கும் மக்கள் அதிகம் வாழும் வியாசர்பாடியிலிருந்து வந்த என் தோழி, வீடு எங்கே என்று கேட்டால், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, பக்கத்திலிருக்கும் பெரம்பூர் என்பாள். இரண்டு வருடமும் அப்படியேதான் சொன்னாள். என் இடம் போய்விடுமோ என்று பயந்து அவளைத் தனியாகச் சாப்பிட விட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது. இப்போது என் மகள் ஒன்பதாம் வகுப்பு. தோழிகள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவளை நீக்கிய அன்று ராத்திரி அவள் சாப்பிடவே இல்லை.