வேதத்தில் தெளிவாக எழுதியிருக்கிறதா?

"வேதத்தில் தெளிவாகத்தானே எழுதியிருக்கிறது" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடனே கோபம் வருகிறது. அவ்வளவு தெளிவென்றால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரே ஊருக்குள் இத்தனை சபைகள் எதற்கு? முக்கில் கத்தோலிக்க ஆலயம், நாலு வீடு தள்ளி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), எதிரே இரட்சணிய சேனை, ரப்பர் தோட்டத்தை ஒட்டி பெந்தெகொஸ்தே ஜெபவீடு. லுத்தரன் சபை, மலங்கரை சபை எல்லாம் வேறு. அத்தனை பேர் கையிலும் ஏறக்குறைய ஒரே புத்தகம். 'ஏறக்குறைய' என்பதையும் காரணத்தோடுதான் சொல்கிறேன்: கத்தோலிக்கர் வேதாகமத்தில் 73 நூல்கள், புராட்டஸ்டன்ட் சபைகளுடையதில் 66.

ஞானஸ்நானத்தையே பாருங்கள். நான் சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளை. கைக்குழந்தையாக இருந்தபோதே போதகர் என் தலையில் தண்ணீர் தெளித்துப் பெயர் வைத்துவிட்டார். என் சித்தி கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார். குழந்தையில் கொடுத்தது கணக்கில் வராது என்று அங்கே சொன்னார்கள். குழித்துறை ஆற்றில் இறங்கி முழுக்கு எடுத்தார். அம்மாவின் பெரியப்பா குடும்பம் இரட்சணிய சேனை. அங்கே தண்ணீர் ஞானஸ்நானமும் கிடையாது, திருவிருந்தும் கிடையாது. சேனையின் கொடிக்குக் கீழே நின்று உறுதிமொழி எடுப்பதோடு சரி.

மூன்று வீட்டாரும் வசனத்தோடுதான் பேசுவார்கள். லீதியாளும் சிறைக்காவலனும் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார் அப்பா. அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்ததா என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. எத்தியோப்பிய மந்திரி தண்ணீரில் இறங்கினான், விசுவாசித்த பிறகுதான் இறங்கினான் என்று 8-ஆம் அதிகாரத்தை எடுப்பார் சித்தி. ஞானஸ்நானம் கொடுக்க அல்ல, சுவிசேஷத்தைச் சொல்லவே கிறிஸ்து என்னை அனுப்பினார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைச் சேனைக்காரர்கள் நினைவூட்டுவார்கள். மூன்றும் அதே புத்தகத்தில்தான் இருக்கின்றன. மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை.

அப்பாவின் வேதாகமமும் சித்தியின் வேதாகமமும் இப்போது என் மேசையில்தான் இருக்கின்றன. ஒரே பதிப்பு, ஒரே கறுப்பு அட்டை. ஆனால் இரண்டிலும் கோடு போட்ட இடங்கள் வேறு வேறு. ஆதியாகமம் 24-இல் எஜமானின் மகனுக்குப் பெண் தேடிப் போன ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபேக்காளுக்குப் பொன்னில் காதணியும் கடகங்களும் கொடுக்கும் இடத்தில் அப்பா நீல மையால் கோடு போட்டிருக்கிறார். சித்தியின் புத்தகத்தில் அந்தப் பக்கம் புதிதுபோல இருக்கிறது. அவருடைய சிவப்புப் பென்சில் ஓடியிருப்பது பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில்: மயிரைப் பின்னுவதும் பொன் அணிவதும் உயர்ந்த ஆடை உடுத்துவதும் பெண்ணுக்கு அலங்காரமாக இருக்க வேண்டாம் என்கிற இடம். அந்த ஒரு வசனத்துக்காக அவர் கம்மலைக் கழற்றினார். காதுத் துளை தூர்ந்துபோகிற அளவுக்குக் கழற்றியே வைத்திருந்தார். அந்த உறுதியை நான் மதிக்கிறேன்.

ஆனால் கவனியுங்கள். அதே வரியில் பொன்னுக்கு முன்னால் பின்னல் வருகிறது. சித்தி கடைசிவரை தலை பின்னித்தான் கட்டினார். அவருடைய சபையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். பொன் விலக்கானது, பின்னல் விலக்காகவில்லை. ஏன்? நம் ஊரில் பொன் என்றால் அது அலங்காரம் மட்டுமில்லை. பெண் பார்க்க வந்ததுமே எத்தனை பவன் என்றுதான் பேச்சுத் தொடங்குகிறது. பெண்ணைப் பெற்றவன் அந்தக் கணக்கிலேயே தேய்ந்துபோகிறான். இப்படிப்பட்ட மாவட்டத்தில் அந்த வசனத்தை வாசிக்கிறவர் கண் பொன்னில்தான் நிற்கும். எந்த வரி உறைக்கும் என்பதை ஊர் முடிவு செய்கிறது. அதே கண், பொன்னுக்குப் பதிலாக ரொக்கமும் மனையும் கைமாறும்போது ஏன் மூடிக்கொள்கிறது என்று நான் சித்தியிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். எங்கள் சி.எஸ்.ஐ. பக்கம் இன்னும் மோசம். ரெபேக்காளின் கடகத்தைக் காட்டுகிறவர்கள், அதைக் கொடுத்தது மாப்பிள்ளை வீடு என்பதைக் காட்டுவதே இல்லை.

இத்தனை வேறுபாட்டுக்கு மனிதர்களின் பிடிவாதம் மட்டும் காரணமில்லை, புத்தகத்தின் அமைப்பும் காரணம். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் 21 கடிதங்கள். அவற்றில் பல, யாரோ ஓர் ஊர்ச் சபைக்கு, அந்த ஊர் வழக்கைத் தீர்க்க எழுதியவை. கொரிந்தியர் பவுலுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்; நீங்கள் எழுதிய காரியங்களைக் குறித்து என்று அவரே முதல் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தைத் தொடங்குகிறார். அவர்களுடைய கடிதம் நம்மிடம் இல்லை. பதில் மட்டும் கையில் இருக்கிறது, கேள்வியை நாமாகவே ஊகிக்கிறோம். பவுலின் அந்தப் பதில் கடிதத்தின் 11-ஆம் அதிகாரத்தில் பெண்கள் முக்காடிட்டு ஜெபிக்கிறார்கள், தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். 14-ஆம் அதிகாரத்தில் சபையில் பேசாமல் இருக்கச் சொல்லப்படுகிறார்கள். 14-ஐ முன்னால் வைத்தவர்கள் பெண்களுக்குப் பிரசங்க பீடத்தை மறுத்தார்கள். 11-ஐயும், கிறிஸ்துவுக்குள் ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்ற கலாத்தியர் வசனத்தையும் முன்னால் வைத்தவர்கள் வழி விட்டார்கள். இரட்சணிய சேனையில் ஆரம்ப காலத்திலிருந்தே பெண் அதிகாரிகள் உண்டு. தென்னிந்தியத் திருச்சபை 2013-இல் நந்தியாலில் ஒரு பெண்ணைப் பேராயராக்கியது.

இது கிறிஸ்தவர்களின் வியாதி மட்டும் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். தக்கலையில் சூஃபி கவிஞர் பீர் முகமது அப்பா தர்காவில் ரஜப் மாதம் இரவு முழுக்க அவருடைய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களைப் பாடுகிறார்கள். இறைவனை நெருங்கும் வழியைத் தேடிக்கொள்ளுங்கள் என்கிற குர்ஆன் வசனம் (5:35) இறைநேசர்களைத்தான் சொல்கிறது என்பார் தர்காவுக்குப் போகிறவர். நற்செயலைத்தான் சொல்கிறது என்பார் போகாதவர். அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழியினரின் தலைமைப்பதியான சாமித்தோப்பில் பதினேழு நாள் திருஏடு வாசிப்பில் ஒன்றாக உட்கார்ந்து அவர்களுடைய புனித நூலான அகிலத்திரட்டைக் கேட்பவர்களில், வைகுண்டர் நாராயணனின் அவதாரம் என்ற இடங்களைப் பிடித்துக்கொள்பவர் இது இந்து சமயத்தின் கிளை என்கிறார். சிலை வேண்டாம், சாதி வேண்டாம் என்பதைப் பிடித்துக்கொள்பவர் அய்யாவழி தனி வழி என்கிறார். கீதையை மண்டலே சிறையில் வாசித்த திலகருக்கு அது செயல்படு என்று சொன்னது. காந்திக்கு அந்தப் போர்க்களம் மனித மனமாகத் தெரிந்தது. அவரைக் கொன்றவரும் கையில் கீதையோடுதான் தூக்குமேடைக்குப் போனார்.

அப்படியானால் யார் எப்படி வாசித்தாலும் சரிதானா? இல்லை. இங்கேதான் பல நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. "அவரவர் புரிதல் அவரவருக்கு" என்று கைகழுவ நம் மாவட்டத்து வரலாறு என்னை விடுவதில்லை.

தோள்சீலைப் போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். நம் பாட்டிகளின் பாட்டிகள் மார்பை மூடியதற்காகச் சந்தையில் வைத்துத் துணி கிழிக்கப்பட்டார்கள். பழைய வழக்கமும் சாதி ஆசாரமும் சொன்னதைச் செய்கிறோம் என்றுதான் கிழித்தவர்கள் சொன்னார்கள். 1829-இல் வந்த திருவிதாங்கூர் அரசாணை குப்பாயம் (ரவிக்கை போன்ற சட்டை) போட்டுக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடக்கூடாது என்றது. கிறிஸ்தவர்களாகியிருந்த அந்தப் பெண்களின் வேதாகமத்தில் ரோமர் 13-உம் இருந்தது: மேலான அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியுங்கள். அதைக் காட்டி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அவர்கள் அடங்கவில்லை, மிஷனரிகளில் பலர் அவர்கள் பக்கம் நின்றார்கள். 1859 ஜூலையில் அரசு இறங்கிவந்து, நிபந்தனைகளோடாவது, மேலாடையை அனுமதித்தது. அதே காலத்தில் இதே மண்ணில் வைகுண்டர், தலைப்பாகை மறுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னார்.

கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் என்ன நடந்தது? அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற தகராறில் பாப்டிஸ்ட் சபையே 1845-இல் இரண்டாகப் பிளந்தது. வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற எபேசியர் வசனம் அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிகளுக்கு இனித்தது. எகிப்திலிருந்து விடுதலையான இஸ்ரவேலின் கதையை அடிமைகள் பாட்டாகப் பாடினார்கள். ஒரே புத்தகம்தான். ஆனால் தோட்ட முதலாளியின் வாசிப்பால் அவருக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை; முழுப் பாரமும் இன்னொருவர் முதுகில். நான் எந்த விளக்கத்தைக் கேட்டாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்: இதன் பாரத்தைச் சுமக்கப்போவது யார்? கம்மலைக் கழற்றிய சித்தியின் வாசிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அதன் விலையை அவரே கொடுத்தார். வசனத்தைக் காட்டி அடுத்தவர் வாயை, அடுத்தவர் உடையை, அடுத்தவர் அடக்கத்தைத் தீர்மானிக்கிறவரை நான் அந்த வரிசையில் வைக்க மாட்டேன்.

அடக்கம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சித்தி இறந்தபோது, தன் தாயின் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பாட்டியின் கல்லறை சி.எஸ்.ஐ. கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. சபைக் கமிட்டி மறுத்துவிட்டது. அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்துபோனார்கள், ஆனால் நம்முடையவர்களாய் இருக்கவில்லை என்ற யோவானின் முதல் நிருப வசனத்தை ஒரு மூப்பர் வாசித்துக் காட்டினார். உடலைக் கூடத்தில் வைத்துக்கொண்டு சித்தப்பா அதைக் கேட்டார். கடைசியில் வீட்டுக்குப் பின்னால், ரப்பர் மரம் இரண்டை வெட்டி இடம் உண்டாக்கி அடக்கம் செய்தோம்.

அந்த வசனம் கிறிஸ்துவை மறுதலித்தவர்களைப் பற்றியது. சாகும்வரை அவர் பெயரைச் சொல்லி ஜெபித்த ஒரு பெண்ணுக்கு அதை வாசித்தார்கள். ஆதியாகமம் 23-ஐ அன்று யாரும் திறக்கவில்லை. சாராள் இறந்தபோது ஆபிரகாம் அந்நிய நாட்டில் ஒரு சாண் நிலமில்லாமல் நிற்கிறார். தெய்வம் வேறு, இனம் வேறான ஏத்தின் மக்கள் அவரிடம், எங்கள் கல்லறைகளில் நல்லதைத் தெரிந்துகொள்ளும், எங்களில் ஒருவரும் உமக்கு மறுக்க மாட்டோம் என்கிறார்கள். இயேசுவின் உடலுக்கே இடம் கிடைத்தது அரிமத்தியா யோசேப்பு தன் சொந்தக் கல்லறையைக் கொடுத்ததால்தான்.

சபை மாறிப்போனவர்களுக்கும் பெற்றோரின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் கொடுக்க வேண்டும் என்று வரும் சேகர (சபை வட்டார) கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். எங்கள் சபையார் யாராவது இதை வாசித்தால், பின்னூட்டத்தில் வாக்குவாதம் வேண்டாம். நேரில் வீட்டுக்கு வாருங்கள்.